மது என்பது எது?

தமிழ்நாட்டில் ஒயின் குடிப்பவர்கள் மிகச் சிலர். ஒயின்ஷாப்புக்குப் போகிறவர்களோ பல இலட்சம் பேர். இதை யாரும் முரணாக நினைப்பதில்லை. 2003 நவம்பரில் சில்லறை மது விற்பனையை அரசு தன் கைக்குள் கொண்டுவரும்வரை, தனியார் கடைகள் இன்னார் ஒயின்ஸ் என்று பலகை மாட்டியிருந்தன. அந்தப் பலகைகள் இறங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் சொல் இறங்கவில்லை. ‘ஒயின்ஷாப் ஸ்டாப்பிங்’ என்று பேருந்து நிறுத்தத்துக்கே பெயராகி நிற்கும் இடங்களைத் திருவள்ளூர் மாவட்டத்தில் நாம் கடந்துபோயிருக்கிறோம். ஆரம்பாக்கத்தைத் தாண்டித் தடாவுக்குள் நுழைந்தால் அதே சொல் தெலுங்கு எழுத்தில் வரவேற்கும். அங்கும் உள்ளே இருப்பது பெரும்பாலும் பிராந்தியும் விஸ்கியும் பீரும்தான். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் திராட்சையிலும் பெரும்பகுதி தட்டில் வைத்துத் தின்னப்படுகிறது.

இலக்கியம் படித்தவர்களுக்கு இதில் ஒரு சிறு வேடிக்கை உண்டு. செங்கடல் வணிகத்தைப் பற்றிய கிரேக்கக் கையேடான பெரிப்ளூஸ், முசிறிக்கு வந்த இறக்குமதிகளில் ஒயினையும் சேர்க்கிறது. ஆனால் அதிகமில்லை என்று கூடவே குறித்து வைக்கிறது. அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போராச் சாடிகளின் உடைசல்களும், யவனர் கொண்டுவந்த தேறலைப் பற்றிய புறநானூற்றுக் குறிப்பும் அந்தக் கொஞ்சத்தின் சாட்சிகள். இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒயின் நமக்குக் கொஞ்சமாகவே வாய்த்திருக்கிறது. பெயரை மட்டும் தாராளமாக எடுத்துக்கொண்டோம்.

பெயர் பிழையாக இருந்தால் என்ன, கடை கடைதானே என்று கேட்கலாம். மதுவைப் பொறுத்தவரை அப்படி விட்டுவிட முடியாது என்பதே நம் எண்ணம். இந்த நாட்டில் மதுவைப் பற்றி நடந்த பெரிய வழக்குகளில் பல, அடியில் போய்ப் பார்த்தால், சொல்லைப் பற்றிய வழக்குகள்.

நம் மாநிலச் சட்டத்திலிருந்தே தொடங்கலாம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. மதுவை விலக்குவதற்காக எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின் கீழ்தான் இன்று அரசு மது விற்கிறது. அதன் விளக்கப் பிரிவில் ‘லிக்கர்’ என்பதற்குள் கள், பீர், ஒயின், ஸ்பிரிட், குடிக்க முடியாதபடி கெடுக்கப்பட்ட டீநேச்சர்டு ஸ்பிரிட், ஆல்கஹால் கலந்த எல்லாத் திரவங்களும் அடங்குகின்றன. ‘ஸ்பிரிட்ஸ் ஆஃப் ஒயின்’ என்றும் ஒன்று வருகிறது. இது ஒயின் அன்று. தூய எத்தில் ஆல்கஹாலுக்குப் பழைய ஆங்கிலம் வைத்த பெயர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஒயினின் ஆவி. வடிக்கும்போது ஆவியாகிக் குளிர்ந்து சொட்டுவதால் வந்த பெயர். கரும்பு ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்தாலும் சட்டத்துக்கு அது ஒயினின் ஆவியே.

நம்முடைய பழைய மொழி இந்த விஷயத்தில் சட்டத்தைவிடச் செல்வம் மிக்கது. கள், நறவு, தேறல், மட்டு, பிழி, அரியல், தோப்பி, வேரி என்று பெயர்கள் குவிந்து கிடக்கின்றன. தெளிந்ததற்கு ஒரு பெயர், நெல்லிலிருந்து வந்ததற்கு ஒரு பெயர், பிழிந்ததற்கு ஒரு பெயர். அந்தச் செல்வத்தில் இன்று சட்டப்படி தடைசெய்யப்பட்டு நிற்பது கள். 1987இலிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கக்கூடாது. கள் இறக்க அனுமதி கேட்டு விவசாயிகள் இன்றும் போராடுகிறார்கள். ஆனால் 2017இல் வந்த விதிகளின்படி தென்னையிலிருந்து நீரா இறக்கலாம். பாளையிலிருந்து சொட்டும் ஒரே நீர், புளிக்காதவரை நீரா, புளித்தால் குற்றம். மரத்தடியில் பானைக்குள் எந்த நாழிகையில் அது ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறுகிறது என்பதை ஈஸ்ட் அறியும். காவல்துறை மூக்கால் அறிகிறது.

வள்ளுவரை இங்கே இழுக்காமல் தமிழாசிரியன் ஒருவன் தாண்டிப் போக முடியாது, பொறுத்தருள்க. கள்ளுண்ணாமை என்னும் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம் பொருட்பாலில் இருக்கிறது, அறத்துப்பாலில் இல்லை. புலால் மறுத்தலைத் துறவறத்தில் வைத்தவர், கள்ளை அரசும் அமைச்சும் பேசப்படும் பகுதியில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவே வைத்தார். வகுப்பில் இதைச் சொல்லும்போது, அரசமைப்புச் சட்டம் எழுதப்படுவதற்கு முன்பே வள்ளுவர் கள்ளை மாநிலப் பட்டியலில் சேர்த்துவிட்டார் என்று நாம் சொல்வதுண்டு. மாணவர்கள் மரியாதைக்காகச் சிரிப்பார்கள்.

*

மாநிலப் பட்டியலுக்குப் போகுமுன் ஒரு சாலை வழக்கு. அது எளியது, சொல் எப்படிச் சட்டத்தின் கையிலிருந்து நழுவுகிறது என்பதற்கு நல்ல காட்டும்கூட.

திருவள்ளூர் மாவட்டமே சாலைகளால் ஆனது. கும்மிடிப்பூண்டி வழியே கொல்கத்தா நோக்கிப் போகும் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, திருவள்ளூர் திருத்தணி வழியே போகும் 716ஆம் எண் சாலை, இவற்றை இணைக்கும் மாநிலச் சாலைகள். லாரி ஓட்டுநர் கண்ணுக்குப் படுகிற இடத்தில் மதுக்கடை இருந்தால் என்னவாகும் என்பதை இந்தச் சாலைகளில் வாழ்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வழக்கறிஞர் கே. பாலு தொடர்ந்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடங்கி டெல்லிவரை போயிற்று. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் ஓரத்திலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் இருக்கக்கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள்தொகை 20,000க்கு மேற்படாத ஊர்களுக்கு அது 2017 மார்ச் 31 அன்று 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. மறுநாளே தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன.

அப்புறம் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. கடையை நகர்த்துவது கடினம். சாலையின் பெயரை மாற்றுவது எளிது. சண்டிகர் நிர்வாகம் நகருக்குள் ஓடும் மாநில நெடுஞ்சாலைகளை மாவட்டச் சாலைகள் என்று அறிவித்துக்கொண்டது. தமிழ்நாட்டிலும் நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகளாக வகை மாற்றும் முயற்சி நடந்தது; அப்படி வகை மாற்றிய சாலைகளில் கடை திறக்க 2017 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் தற்காலிகத் தடை விதித்தது. கேரளத்தில் வடக்குப் பறவூரில் ஒரு மதுக்கூடம் தன் வாசலுக்கு முன்னால் வளைந்து வளைந்து செல்லும் சுவர்களைக் கட்டி, நடக்கிற தூரத்தை நீட்டிக் கணக்கைச் சரிசெய்தது. சக்கர வியூகத்துக்குள் போய்த் திரும்பி வந்த அபிமன்யுக்கள் அந்த ஊரில் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும். 2017 சூலை 11 அன்று உச்ச நீதிமன்றமே, தன் தீர்ப்பு நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளைத் தடுக்காது என்று தெளிவுபடுத்தியது. 2018 பிப்ரவரியில், ஊராட்சிப் பகுதி ஒன்று நகரத்துக்கு இணையாக வளர்ந்திருக்கிறதா என்பதை மாநிலங்களே முடிவுசெய்யலாம் என்றது. சாலை அப்படியே கிடந்தது, கடையும் ஏறக்குறைய அப்படியே. நடுவில் மாறியது சாலைக்கு நாம் இட்ட பெயர்.

இடையில் மூடிய கடைகள் ஊருக்குள் வந்தபோது தெருவில் இறங்கியவர்கள் பெண்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் 2017 ஏப்ரலில் அவர்கள் அடிவாங்கிய காட்சி நாடெங்கும் பரவியது. அவர்களுக்குச் சாலையின் வகைப்பாடு தெரியாது. கடை வீட்டருகே வந்துவிட்டது என்பது தெரியும்.

*

இனிப் பெரிய வழக்கு. பொறுமை வேண்டும், இதில் இலக்கணம் இருக்கிறது.

நம் அரசமைப்பில் மதுவைக் குறிக்க மூன்று தொடர்கள் உண்டு. மதுவிலக்கைக் கொள்கையாகச் சொல்லும் 47ஆம் உறுப்பில் ‘இன்டாக்சிகேட்டிங் டிரிங்ஸ்’ என்று வருகிறது. மயக்கும் பானங்கள் எனலாம். ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் எட்டாவது பதிவு ‘இன்டாக்சிகேட்டிங் லிக்கர்ஸ்’ என்கிறது, மயக்கும் மதுக்கள். வரி பற்றிய பதிவுகளில் ‘மனிதர் அருந்துவதற்கான ஆல்கஹால் மதுக்கள்’ என்று வருகிறது. தமிழில் மூன்றையும் மது என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு நாம் அடுத்த வேலையைப் பார்ப்போம். நீதிமன்றம் அப்படி அடக்கவில்லை. சொல் வேறாயின் பொருளும் வேறாகும் என்ற நம் உரையாசிரியர்களின் நெறியை அது கடைப்பிடித்தது.

கேள்வி இதுதான். சாயம், மருந்து, பிளாஸ்டிக், வார்னிஷ் செய்யப் பயன்படும் தொழிற்சாலை ஆல்கஹால் ‘மயக்கும் மது’வா? ஆம் என்றால் அது மாநிலத்தின் ஆட்சிக்குள் வரும். இல்லை என்றால் 1951ஆம் ஆண்டின் தொழில்கள் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழியாக ஒன்றிய அரசின் கைக்குப் போகும்.

1951இல் பம்பாய் மாகாணத்தின் மதுவிலக்குச் சட்டத்தைப் பற்றிய பல்சாரா வழக்கில், மது என்பது குடிக்கப்படும் பானங்களை மட்டும் குறிக்காது, ஆல்கஹால் உள்ள திரவங்களையும் உள்ளடக்கும் என்று நீதிபதி பசல் அலி எழுதினார். அதே தீர்ப்பு, ஆல்கஹால் கலந்த மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் வைத்திருப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் இருந்த தடையைச் செல்லாததாக்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1989 அக்டோபர் 25 அன்று சிந்தெடிக்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு வேறு உரை கண்டது. மயக்கும் மது என்றால் குடிக்கத்தக்கது; குடிக்கத்தகாத தொழிற்சாலை ஆல்கஹாலின்மேல் மாநிலம் வரி போட முடியாது. அது குடிமதுவாகத் திருப்பிவிடப்படாமல் காவல் காக்க மட்டும் மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு.

முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த உரை நின்றது. உத்தரப் பிரதேச அரசு 1999இல் உரிமம் பெற்றவர்களுக்கு விற்கும் ஆல்கஹாலின்மேல் 15 விழுக்காடு கட்டணம் விதித்தது. அதை எதிர்த்து எழுந்த வழக்கு மெல்ல மெல்லப் பெரிதாகி ஒன்பது நீதிபதிகளின் அமர்வை அடைந்தது. 2024 அக்டோபர் 23 அன்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைக்காகத் தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதினார். சேனாவரையர் இளம்பூரணரை மறுக்கும் இடங்களைப் படித்தவர்களுக்கு அந்த நடை அந்நியமாக இராது. வரி பற்றிய பதிவில் ‘மனிதர் அருந்துவதற்கான’ என்ற அடை இருக்கிறது, எட்டாவது பதிவில் அந்த அடை இல்லை. ஆகவே எட்டாவது பதிவு அகலமானது. மயக்குதல் என்பது வெறியேற்றுவதை மட்டும் குறிக்காது; பொதுமக்கள் உடல்நலத்துக்குத் தீங்காகத் தவறாகப் பயன்படுத்தக்கூடிய ஆல்கஹாலையும் அது தழுவும். மூலப்பொருள் தொடங்கி அருந்துவதுவரை எல்லாம் மாநிலத்தின் ஆட்சிக்குள் வரும். கை கழுவும் சானிடைசர் போன்ற முடிவடைந்த பொருள்களை மட்டும் வெளியே நிறுத்தினார்கள். இல்லையென்றால் வாசனைத் திரவியக் கடையும் ஒயின்ஷாப் ஆகியிருக்கும்.

மறுத்து எழுதிய ஒருவர் நீதிபதி நாகரத்னா. தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்பதற்காக ஒரு சொல்லை அதன் இயல்பான பொருளுக்கு வெளியே இழுக்கக்கூடாது என்பது அவர் நிலை. தொழிற்சாலை ஆல்கஹால் மனிதர் குடிக்கத் தகாதது. தகாததை மது என்று எப்படி அழைப்பது?

தமிழ் படித்த மனம் முதலில் நாகரத்னா பக்கமே சாய்கிறது. ஒரு சொல்லுக்கு வழக்கில் உள்ள பொருளைக் காப்பது நம் தொழில். கத்தி குத்தப் பயன்படும் என்பதால் காய்கறிக் கடையை ஆயுதச் சாலை என்று சொல்ல மாட்டோம். ஆனால் நாம் இருக்கும் மாவட்டம் நம்மை அந்தப் பக்கம் நிற்கவிடவில்லை.

அதற்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வழக்கை இத்தனை ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தது உடல்நலக் கவலை அன்று, பணம். மாநிலங்களுக்கு வரி விதிக்க மிஞ்சியவற்றில் மது முக்கியமானது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 2023-24இல் 45,855 கோடி ரூபாய், அடுத்த ஆண்டில் 48,344 கோடி. 2023 சூனில் 500 கடைகளை மூடி, எண்ணிக்கையை 5,329இலிருந்து 4,829 ஆக்கிய பிறகு வந்த தொகைகள் இவை. பொதுமக்கள் உடல்நலம் என்ற சொல் தீர்ப்பில் அழகாக இருக்கிறது. வழக்கின் தாளில் எழுதியிருந்தது 15 விழுக்காடு.

*

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் ஒருமுறை நடந்து பார்த்தவர்களுக்கு இரும்பு உருக்கும் வாடையும் வேதிப்பொருள் வாடையும் பிரித்தறிய வரும். நம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலருடைய அப்பாக்களும் அண்ணன்களும் அங்கேயோ, தேர்வாய் கண்டிகையிலோ, மணலியிலோ வேலை செய்கிறவர்கள். அவர்கள் பேச்சில் சரக்கு என்றால் லாரியில் ஏற்றுவது. மாலையில் அதே சொல் வேறு பொருள் தரும். ஒரு சொல் பலபொருள் என்பதற்கு நாம் பாடத்தில் எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதே இல்லை.

சரக்கில் ஒரு வகை மெத்தனால். பார்வைக்குத் தண்ணீர், மணத்தில் எத்தில் ஆல்கஹாலுக்கு நெருங்கிய உறவு. மரத்தை மூடிய கலத்தில் சுட்டு எடுத்ததால் மரத்தின் ஆவி என்று ஆங்கிலத்தில் பழைய பெயர். இப்போது பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் செய்கிறார்கள். பெயிண்ட், பிசின், மருந்து என்று அது இல்லாமல் நடக்காத தொழில்கள் பல. குடித்தவுடன் அது கொல்வதில்லை, அதுதான் கொடுமை. கல்லீரல் எத்தில் ஆல்கஹாலைச் செரிக்கும் அதே நொதியால் மெத்தனாலையும் செரிக்கப் பார்க்கிறது. விளைவது முதலில் பார்மால்டிஹைடு, பிறகு பார்மிக் அமிலம். அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்குகிறது. இரத்தத்தைப் புளிக்க வைக்கிறது. தூய மெத்தனால் 10 மில்லி லிட்டர் உள்ளே போனாலே பார்வை பறிபோகலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். மாற்று மருந்துகளில் ஒன்று எத்தில் ஆல்கஹால்; நொதியை அது தன் பக்கம் இழுத்துவைத்துக்கொள்ளும் நேரத்தில் மெத்தனால் கேடு செய்யாமல் வெளியேறும். விஷத்துக்கும் முறிவுக்கும் இடையில் ஒரு கார்பன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும். கண்ணுக்கும் மூக்குக்கும் வேறுபாடு கிடையாது.

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் குடித்தது, சென்னைக்கு மேற்கே வானகரத்து இரசாயன ஆலையொன்றிலிருந்து வெளியே போன மெத்தனால் என்று விசாரணை சொன்னது. அப்போது ஒரு சொற்போர் எழுந்ததைப் பலர் மறந்திருப்பார்கள். இது கள்ளச்சாராயம் அன்று, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல்துறைத் தலைமை இயக்குநர் அறிக்கை விட்டார். வேதியியல்படி அவர் சொன்னது முற்றிலும் சரி. அதற்குள் இன்னொரு பொருளும் ஒளிந்திருந்தது. கள்ளச்சாராயம் என்றால் காய்ச்சியதைத் தடுக்காத குற்றம் காவல்துறையுடையது. ஆலையிலிருந்து போன விஷம் என்றால் பழி வேறொரு மேசைக்கு நகரும். எதிர்க்கட்சிகள் கள்ளச்சாராயச் சாவு என்றன. நாளேடுகள் விஷச்சாராயம் என்று நடுவழி கண்டன. சாராயம் என்ற தலைச்சொல் மாறவில்லை. முன்னால் நிற்கும் அடைக்காகத்தான் அத்தனை அறிக்கைகளும்.

ஓராண்டு கழித்து, 2024 சூனில் கள்ளக்குறிச்சி. கருணாபுரம் என்ற பகுதியில் ஒரே தெருவில் அடுத்தடுத்துப் பாடைகள் கிடந்த படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். அறுபத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் வாங்கியது பாக்கெட்டில் கட்டிய, மெத்தனால் கலந்த சாராயம். அம்மாதம் 29ஆம் நாள் சட்டமன்றம் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனையும் 10 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டமும் என்று ஆக்கியது. நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. மாநில அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் டிசம்பரில் தள்ளுபடி செய்தது.

கள்ளக்குறிச்சிக்கு நான்கு மாதம் கழித்து வந்தது ஒன்பது நீதிபதிகளின் தீர்ப்பு. இந்த வரிசையில் வைத்துப் படிக்கும்போது நம் சாய்வு தடுமாறுகிறது. குடிக்கத்தக்கது எது என்பதை அகராதியில் வைத்து முடிவு செய்கிறோம். கருணாபுரத்தில் அதை முடிவு செய்தது விலை. கூலி வேலை முடித்து உடல்வலியோடு வருகிற ஒருவர் கையில் இருக்கும் ஐம்பது அறுபது ரூபாய்க்கு, அரசுக் கடையின் குவார்ட்டர் பாட்டில் எட்டாது. எட்டாதபோது, எது எட்டுகிறதோ அது குடிக்கத்தக்கது ஆகிவிடுகிறது. தொழிற்சாலை ஆல்கஹால் மனிதர் அருந்துவதற்கன்று என்ற வரையறை, அதை அருந்தாமல் இருக்க வழியுள்ள மனிதரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அந்த அளவில் பெரும்பான்மையின் உரையே இந்த மண்ணுக்குப் பொருந்துகிறது என்று இப்போது எண்ணுகிறோம். அதன் இலக்கணம் நமக்கு உவப்பானது அன்று என்றாலும்கூட.

ஆனால் அந்தத் தீர்ப்பால் கருணாபுரம் காப்பாற்றப்பட்டிருக்குமா? இங்கேதான் நமக்கு எரிச்சல் வருகிறது. மெத்தனாலை அடக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லாமல் எப்போது இருந்தது? 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பே காவல் காக்கும் உரிமையை விட்டுவைத்தது. அதற்கும் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1959இலேயே, கெடுக்கப்பட்ட ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் ஆகியவற்றுக்கென்று தனி விதிகள் தமிழ்நாட்டில் வந்துவிட்டன. அந்தப் பட்டியலில் மெத்தில் ஆல்கஹாலின் பெயர் வெளிப்படையாகவே இருக்கிறது. எந்த உரையாசிரியரும் தேவையில்லை. வரிக்காக ஒரு சொல்லின் எல்லையை அகட்ட மாநிலங்கள் மிகச் சிறந்த வழக்கறிஞர்களை அமர்த்தி ஒன்பது நீதிபதிகள்வரை போயின. ஏற்கெனவே தெளிவாக எழுதப்பட்டிருந்த ஒரு சொல்லின்படி டேங்கர்களை எண்ணுவதற்கு அந்த ஊக்கத்தில் காலில் ஒரு பங்கு செலவாகியிருந்தால் போதும்.

வடக்கே, கும்மிடிப்பூண்டியிலிருந்து அதிகத் தொலைவில்லாத நெல்லூர் மாவட்டத்தில், தூபகுண்டா என்ற சிற்றூரின் பெண்கள் 1992இல் சாராயக் கடையை மூடவைத்ததை இங்கே நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. வயதுவந்தோர் கல்வி வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்த பெண்கள் அவர்கள். அந்த எழுச்சி ஆந்திரம் முழுவதும் பரவி 1993இல் சாராயத் தடையையும் 1995இல் முழு மதுவிலக்கையும் கொண்டுவந்தது. 1997இல் விலக்கு தளர்ந்தது. 2019இல் அங்கு அரசே கடை நடத்தத் தொடங்கி, 2024 அக்டோபரில் மீண்டும் தனியாரிடம் விட்டுவிட்டது. தடாவில் ஒயின்ஸ் பலகைகள் வருவதும் போவதும் இந்தக் கணக்கில்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். இரண்டுக்கும் நடுவில் ஓடும் லாரி ஒன்றே.

சென்ற பருவத்தில் கள்ளுண்ணாமை அதிகாரத்தை நடத்தியபோது, கள் வேறு, சாராயம் வேறு, எரிசாராயம் வேறு, மெத்தனால் வேறு என்று கரும்பலகையில் நான்கு சொற்களை எழுதி, எதைச் சட்டம் எப்படி அழைக்கிறது என்று விளக்கினோம். பாடத்திட்டத்தில் இல்லாதது, ஆனாலும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டது. 1959ஆம் ஆண்டு விதிகளைச் சொல்லும்போது, வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்று ஆலைகள் கணக்கு வைக்க வேண்டும் என்றோம். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். அவனுடைய மாமா ஏதோ ஓர் ஆலையில் டேங்கரிலிருந்து தொட்டிக்கு இறக்கும் வேலை பார்க்கிறவராம். எந்த ஆலை என்று அவன் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

“கணக்கெல்லாம் இருக்குங்க ஐயா” என்றான். “ரெண்டு நாளுக்கு ஒருதடவ எழுதுவாங்களாம். கொறையிறதுக்கும் ஒரு கட்டம் இருக்காம்.”

“அதில் என்ன எழுதுவார்கள்?”

“ஆவியாயிடுச்சுன்னு எழுதுவாங்களாம் ஐயா.”